சுஜூதில் சுழலும் தலை

"சுஜூதுக்குக் குனிஞ்சா வீடே சுத்துது மகன்" என்று தொழுது எழும்பிய மூத்தம்மா சொன்னால், இலங்கையின் இறக்காமத்து வீடுகளில் உடனே வரும் பதில், "பிரஷர் கூடியிருக்கும்." கூடவே பாமசியில் ஒரு பட்டை குளிசை. அது மாதக்கணக்கில் தொடரும்.

குனியும்போதும் படுக்கையில் புரளும்போதும் சுழன்று, ஒரு நிமிஷத்துக்குள் அடங்கும் தலைச்சுற்றுக்குப் பெரும்பாலும் காதுதான் காரணம். உட்காதில் நுண்ணிய சுண்ணப் படிகங்கள் உண்டு. வயதாலோ தலையில் அடிபட்டதாலோ அவை கழன்று, பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். தலை அசைகையில் அவையும் நகர, அசையாத உடம்பு சுழல்வதாக மூளை நம்பிவிடுகிறது.

1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ரொபர்ட் பாரானி இந்த நோயை 1921இல் விவரித்தார். எந்தக் காது என்று கண்டுபிடிக்கும் பரிசோதனையை டிக்ஸ், ஹோல்பைக் இருவரும் 1952இல் எழுதினார்கள்: தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்துக் கண்ணின் அசைவைப் பார்ப்பது. கருவி வேண்டாம், கட்டில் போதும். அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி, தலையைப் படிப்படியாகத் திருப்பிப் படிகங்களைப் பழைய இடத்துக்கே அனுப்பும் முறையைச் சொன்னபோது சக வைத்தியர்கள் பல வருஷம் நம்பவில்லை. 1992இல் அவருடைய கட்டுரை வந்தது. இன்று உலகமெங்கும் அதுதான் முக்கிய சிகிச்சை. பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சுகம்.

குளிசை படிகத்தை நகர்த்தாது. சினரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவற்றை வயதானவர்கள் நீண்டகாலம் விழுங்கினால் கைநடுக்கமும் நடைத்தளர்வும் வரலாம். தலைச்சுற்றுக்கு எடுத்த மருந்தே ஆளை விழுத்துவது பெரிய அநியாயம்.

எல்லாத் தலைச்சுற்றும் காதிலிருந்து வருவதில்லை. எழும்பி நிற்கும்போது கண் இருண்டால் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். நோன்பு காலத்தில் சீனி, பிரஷர் குளிசைகளின் நேரத்தையும் அளவையும் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். தலைச்சுற்றோடு வாய் கோணினால், பேச்சுக் குழறினால், பொருட்கள் இரண்டாகத் தெரிந்தால், நிற்கவே முடியாவிட்டால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

தொலைபேசியில் காணொளி பார்த்து மூத்தம்மாவின் கழுத்தைத் திருப்பிப் பார்க்காதீர்கள். காது மாறினால் பலனில்லை. கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவர்களுக்கு ஆபத்து. அடுத்த முறை கிளினிக் போகும்போது, "தலை சுத்துது" என்பதோடு நிறுத்தாமல், எப்போது, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் திரும்பினால் என்றும் சொல்லுங்கள். காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.