இருட்டிலே முளைத்த கலை

சென்னையிலே, பெரும் ஓட்டல்களிலே, பணம் படைத்தோர் தட்டின் ஓரத்தில் ஒரு பிடி இளந்தளிர்! 'மைக்ரோகிரீன்ஸ்' என்று பெயர். புதுமை என்று விலை! புதுமையா இது? விஸ்வநத்தத்துத் தாய்மார்கள் கேட்டால் சிரிப்பார்கள், தோழர்களே!

அம்மன் பொங்கல் வந்தால், இருட்டறையிலே சட்டி வைத்து, வைக்கோலும் எருவும் இட்டு, பாசிப்பயறும் தட்டப்பயறும் விதைத்து, முளைப்பாரி வளர்ப்பது சிவகாசிச் சீமையின் வழக்கம் அல்லவா? கும்மி கொட்டி, தலையிலே சுமந்து, கண்மாயிலே கரைத்ததும், அந்தக் கலைக்கு அடுத்த ஆண்டு வரை விடுமுறை! ஏன் விடுமுறை என்று கேட்கிறோம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது: தமிழகப் பெண்களில், 15 முதல் 49 வயதினரிலே, பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை! தீக்குச்சி அடுக்கும் கைகளும் திரி பின்னும் கைகளும் அந்தக் கணக்கிலே சேர்ந்தவைதாமே! 2012-இல் 25 வகை இளந்தளிர்களை ஆராய்ந்த அமெரிக்க வேளாண் துறை அறிஞர்கள், பெரும்பாலானவற்றிலே முற்றிய இலையைவிட வைட்டமின் செறிவு மிகுதி என்று கண்டனர்.

திருவிழாச் சட்டியை உண்ணச் சொல்லவில்லை. அது எரு கலந்தது, வெளிச்சம் காணாமல் வெளிறியது. சோற்றுக்கு வேறு தட்டு வையுங்கள். அடியிலே துளையிட்டு, தேங்காய் நார்த்தூளை இரண்டு விரற்கடை பரப்புங்கள். முழுப் பயறோ பட்டாணியோ ஓரிரவு ஊறட்டும். உடைத்த பருப்பு முளைக்காது. மருந்து தடவிய விதை ஆகவே ஆகாது. மூன்று நாள் மூடி வைத்து, பிறகு வெளிச்சத்திலே வையுங்கள். இருட்டு எழுப்பும், வெளிச்சமே பச்சையாக்கும்! பயறு ஏழெட்டு நாளிலே, பட்டாணி பத்துப் பன்னிரண்டு நாளிலே அறுவடை. பட்டாணியை அடிக்கணுவுக்கு மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும்; ஆனால் வெயில் தாங்காது, மார்கழிக் குளிருக்கே ஏற்றது. கோடைக்குப் பயறே போதும். நன்றாகக் கழுவி, பருப்பை இறக்கும் வேளையிலே போட்டுக் கிளறுங்கள்.

பட்டாசு ஆலையிலிருந்து வருவோர் சோப்பிட்டுக் கை கழுவாமல் தட்டைத் தொடலாகாது. தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு ஆண்மக்களுடையதாகட்டும். அடுப்படிச் சுமையோடு இதையும் பெண்கள் தலையிலே ஏற்றவா எழுதுகிறோம்?

ஒன்று சொல்லி வைக்கிறோம். பிடித் தளிர் இரத்தசோகைக்கு மருந்தல்ல. இரும்புச்சத்து மாத்திரைக்கோ முட்டைக்கோ ஈடல்ல. "தளிர் இருக்கிறதே, கூலி எதற்கு?" என்று எவரேனும் கேட்டால், அவர் தட்டிலே தளிரை மட்டும் வைத்துப் பாருங்கள்! கூலியும் வேண்டும், கீரையும் வேண்டும். கூலிக்குச் சங்கம் இருக்கிறது. கீரைக்குத் தட்டு இன்றே தயாராகட்டும்!