எழுபது வளைவு தாண்டி ஒரு உப்புமா!

"மச்சான்... மலை உச்சி, டென்ட்டு, சுத்தி இருட்டு. நடுவுல நெருப்பு. நெருப்பு மேல பிரியாணி!"

ஹாஸ்டல் மொட்டை மாடியில் நம்ம ஈசிஇ இப்படிச் சொன்னபோது அஞ்சு பேருக்கும் ஒரே நேரத்தில் எச்சில் ஊறியது. அன்று மெஸ்ஸில் நாலாவது நாளாகப் பூசணிக்காய் கூட்டு. எங்க இடத்துல நீங்க இருந்திருந்தா நீங்களும் உடனே 'ஓகே' சொல்லியிருப்பீங்க!

போக முடிவானது கொல்லிமலை. நாமக்கல் பக்கம்தான் காலேஜ் என்பதால் வீட்டில் பர்மிஷன் வாங்குவது ஈஸி. கடையெழு வள்ளல்களில் ஒருத்தரான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. "வள்ளல் ஊருக்குப் போறோம், சாப்பாட்டுக்கா பஞ்சம் வரும்?" என்று மெஸ் செகரட்டரி டயலாக் வேறு விட்டான். (ஆமாம், எங்க மெஸ் செகரட்டரியும் கேங்கில் இருக்கிறான். அந்தப் பூசணிக்காய்க்குப் பொறுப்பாளியே அவன்தான்!)

டிசம்பர் மாசம், ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு 2 கிலோ சிக்கன் வாங்கி, தயிர், மசாலா எல்லாம் பிசறி, கவரில் கட்டி, பேக்குக்குள் வைத்தாயிற்று. பஸ் ஸ்டாண்டில் சிவில் நண்பன் நாலு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டான். காரவள்ளி அடிவாரம் வரைக்கும் பாட்டு, விசில். அதுக்கப்புறம் ஆரம்பிச்சது பாருங்க... மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள்! இருபதாவது வளைவில் பாட்டு நின்றது. முப்பத்தி அஞ்சாவது வளைவில் நாலு பரோட்டாவும் ஜன்னல் வழியாக ரிட்டர்ன். கொல்லிமலைக்குப் போறவங்களுக்கு என் முதல் சாப்பாட்டு டிப்ஸ், மலை ஏறும் முன் ரெண்டு இட்லிக்கு மேல் தொடாதீர்கள்.

டென்ட் போட்டது ஒரு காபித் தோட்டத்து ஓரத்தில். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஐயாவிடம் முன்னாடியே அனுமதி வாங்கியிருந்தோம். நாங்கள் விறகு பொறுக்க ஆரம்பித்ததும் ஓடி வந்துவிட்டார்.

"தம்பி, தரையில நெருப்பு வைக்கிற வேலையெல்லாம் இங்க வேணாம். சருகு காஞ்சு கெடக்கு. காத்து எந்தப் பக்கம் திரும்பும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

ஈசிஇ-க்கு முகம் சுருங்கிப்போனது. கேம்ப் ஃபயர் இல்லாத கேம்ப்பா? ஆனால், ஐயா சொன்னதில் நியாயம் இருக்கு பாஸ். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி ட்ரெக்கிங் போனவர்களில் 20 பேருக்கு மேல் உயிரிழந்தது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882-ம் வருஷத்து வனச் சட்டப்படியே குற்றம். தனியார் தோட்டம் என்றாலும் காற்றுக்கு வேலி தெரியாதே!

ஆக, எங்களிடம் மிச்சம் இருந்தது ஒரு குட்டி கேஸ் ஸ்டவ்வும் ஒரு அண்டாவும்தான். உள்ளங்கை அகல பர்னர் மேல் அஞ்சு பேர் பிரியாணி அண்டாவை ஏற்றி வைத்தால் எப்படி இருக்கும்? யானை ஸ்டூலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அண்டாவின் நடுவில் தீயுது, ஓரத்தில் அரிசி பல் உடைக்குது. போதாக்குறைக்குக் காற்று. சிலிண்டர் ஒன்று காலி. ரெண்டாவதும் பாதி காலி.

தெர்மோடைனமிக்ஸில் நான் அரியர் வைத்தவன்தான். ஆனாலும் திரும்பி வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடல் மட்டத்தில் இருந்து 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை தோராயமாக 1 டிகிரி குறையும். கொல்லிமலை மேலே சுமார் 1,200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அங்கே தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். 'நாலு டிகிரிதானே' என்று நினைக்காதீங்க, துவரம்பருப்பைக் கேட்டால் தெரியும்! அதற்கு மேல் எவ்வளவு தீயை ஏற்றினாலும் தண்ணீர் சூடாகாது, ஆவியாகித்தான் போகும். மூடி இறுக்கமாக இல்லாத அண்டாவில் அரிசி வேக எக்ஸ்ட்ரா டைம் ஆகும். அதைவிடப் பெரிய வில்லன் காற்று. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய 15 கிராம் கேஸ் போதும். காற்றுத் தடுப்பு இல்லாவிட்டால் அது ரெண்டு மடங்கு, மூணு மடங்கு என்று ஓடும். நாலு செங்கலும் ஒரு தகரமும் போதும் தடுப்புக்கு. அன்று அந்த நாலு செங்கல் எங்கள் மூளையில் தோன்றவில்லை.

ராத்திரி எட்டரைக்கு 'பிரியாணி' ரெடி. பசியில் யாரும் எதையும் பார்க்கவில்லை. சிவில் மட்டும், காலையில் போன பரோட்டாவுக்கும் சேர்த்து மூணு பிளேட் சாப்பிட்டான்.

பதினொண்ணரைக்கு டென்ட்டில் இருந்து எழுந்து ஓடினான். திரும்பி வந்தான். மறுபடி ஓடினான். ஒரு மணிக்கு அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. குடிக்கிற தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை. அந்த நேரத்தில் பஸ் கிடையாது, போனில் சிக்னல் கிடையாது, கீழே இறங்க 70 வளைவு. டார்ச் வெளிச்சத்தில் அவன் உதடு வெளுத்திருந்ததைப் பார்த்து மெஸ் செகரட்டரி அழ ஆரம்பித்துவிட்டான். இதை எழுதாதே என்றான். எழுதிவிட்டேன், ஸாரிடா.

ஓடிப்போய் ஐயா வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் சம்சாரம்தான் முதலில் எழுந்து வந்தார். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கரைக்கச் சொன்னது நான் (என்.எஸ்.எஸ். கேம்ப்பில் கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான விஷயம்!). அதை ஸ்பூன் ஸ்பூனாக விடிய விடிய ஊட்டியது அந்த அம்மா. விடிந்ததும் ஐயா ஏற்பாடு செய்த ஜீப்பில் கீழே இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரெண்டு நாள் ட்ரிப்ஸ் ஏறியது. கேம்ப்புக்கு நாங்க வைத்த பேரு 'ட்ரிப்', அது இப்படி 'ட்ரிப்ஸ்' ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, "கறி எத்தனை மணிக்கு வாங்கினது?" காலை ஏழு மணிக்கு வாங்கி, ராத்திரி ஏழு மணிக்கு அடுப்பில் ஏற்றியிருக்கிறோம். பன்னிரண்டு மணி நேரம்! 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகளுக்கு ஜாலி. கறியை ஃப்ரிட்ஜுக்கு வெளியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கவே கூடாதாம், வெயில் அதிகம் என்றால் ஒரு மணி நேரம்தான். 'அதான் கொதிக்க வெச்சாச்சே' என்றும் தப்பிக்க முடியாது. சில கிருமிகள் விட்டுப்போகும் விஷம் கொதித்தாலும் சாகாது. எங்கள் விஷயத்தில் ஒழுங்காகக் கொதிக்கவும் இல்லை!

இதுக்கப்புறம் கேங் கலைந்திருக்கணும். ஆனால், செமஸ்டர் லீவில் "மறுபடி போலாமா?" என்று கேட்டது யார் தெரியுமா? சிவில்! "அந்த அம்மாவைப் பார்க்கணும்டா" என்றான்.

இந்த முறை சமையல் மலையில் இல்லை, வீட்டில். எங்க அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாங்க: "கட்டுச்சோறுன்னு ஒண்ணு எதுக்குடா கண்டுபுடிச்சாங்க? வண்டி மாடு கட்டிட்டுப் போன காலத்துல உன் பிரியாணியா எடுத்துட்டுப் போனாங்க?"

புளிக்காய்ச்சலை அம்மா சொல்லச் சொல்ல நானே கிண்டினேன். ஒரு கிலோ அரிசிக்கு 150 கிராம் புளியைக் கெட்டியாகக் கரைத்து, 200 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூள், உப்பு போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்கவிடணும். கடைசியில் வறுத்து அரைத்த மல்லி, வெந்தயப் பொடி. சாதத்தை ஆறவைத்துப் பிசைந்தால் மதியச் சாப்பாடு முடிந்தது. புளியும் எண்ணெயும்தான் அதன் காவலாளிகள். மிச்சம் வைத்து மறுநாள் சாப்பிடும் ஐடியா மட்டும் வேண்டாம். தயிர்சாதத்துக்கும் அம்மாவிடம் ஒரு டெக்னிக் இருக்கு. நிறைய காய்ச்சிய பால் ஊற்றிப் பிசைந்து, ஒரே ஒரு ஸ்பூன் தயிர். நாம் போய்ச் சேரும் நேரத்துக்கு அது பக்குவமாகப் புளித்திருக்கும்.

ராத்திரிக்குச் சாமை உப்புமா. ஊருக்குப் போய் அந்த ஊர்ச் சரக்கைச் சாப்பிடாமல் வந்தால் எப்படி? சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் கொல்லிமலையின் பழைய பயிர்கள். மரவள்ளிக்கிழங்கு வந்து அவற்றின் இடத்தைப் பிடித்தபோது, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலை மக்களோடு சேர்ந்து 1990-களில் இருந்தே அதைக் காப்பாற்ற வேலை பார்த்து வருகிறது. சாமையைக் கழுவி கால் மணி நேரம் ஊறவைத்தால் போதும். ஒரு டம்ளருக்கு ரெண்டரை டம்ளர் தண்ணீர், சின்ன அடுப்பிலேயே சமர்த்தாக வெந்துவிடுகிறது. தாளிப்புச் சாமான்களை வீட்டிலேயே வறுத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு போய்விட்டோம். நாமக்கல்காரன் முட்டை இல்லாமல் மலை ஏறுவானா? சாமைப் பைக்குள்ளேயே பத்து முட்டைகளைப் புதைத்துக் கொண்டுபோனோம். எழுபது வளைவிலும் ஒன்றுகூட உடையவில்லை!

மழை தூற ஆரம்பித்ததும் ஈசிஇ ஸ்டவ்வை டென்ட்டுக்குள் தூக்கினான். "வெளியே வை!" என்று கத்தினோம். மூடிய டென்ட்டுக்குள் அடுப்போ கரியோ எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்குமாம். ஐயா வீட்டுத் திண்ணை ஓரம் இடம் கேட்டு, செங்கல் தடுப்பு வைத்துக் கிண்டினோம். அரை சிலிண்டர்கூடக் காலியாகவில்லை.

காலையில் அடுப்பே பற்ற வைக்கவில்லை. தினை மாவில் மலைத்தேன் விட்டுப் பிசைந்து, சோளக்காட்டில் வாங்கிய அன்னாசியும் வாழைப்பழமும். நடக்கும்போது வாயில் போட கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் எனர்ஜி பார் சார் அது! கவர், காகிதம் எல்லாம் ஒரு பையில் கட்டி எங்களோடவே கீழே வந்தது. விட்டுவிட்டு வந்தால் குரங்குகள் பிரித்து மேயும்.

அந்த அம்மாவுக்கு ஒரு டப்பா புளிசாதம் தனியாகக் கட்டிக் கொண்டுபோயிருந்தோம். சிவில்தான் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒரு வாய் போட்டுப் பார்த்தார்.

"உப்பு கம்மி தம்பி" என்றார். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது காலியாக இருந்தது.