மிதப்பின் முதல் அசைவு

மாலை வேளையில் யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தின் வழியாகத் தீவகத்தை நோக்கிச் செல்வோர், தெருவோரத்தில் தூண்டிலிட்டு நிற்பவர்களைக் காணாமற் செல்வதில்லை. பாடசாலை விட்டு வந்த சிறுவர், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், இரவுக் கறிக்கு வழி தேடுவோர் எனப் பலரும் அவர்களுள் இருப்பர். அவர்கள் கையிலுள்ளவை எளிய பொருள்களே: ஒரு கம்பு, சில பாகம் தங்கூசி, ஒரு முள், சிறிது ஈயம், நீர்மேல் ஆடும் ஒரு மிதப்பு. அவ்வழியே செல்லும் நாம், 'மீன் படுகிறதா?' என்று கேட்டுவிட்டு அப்பாற் செல்கிறோம். படுகின்ற மீன் எங்கே படுகிறது, உதட்டிலா தொண்டையிலா, என்று கேட்பவர் மிகச் சிலர். அந்த இரண்டாவது கேள்வியே இக்கட்டுரையின் பொருளாகும்.

அக்கேள்வியை நான் என் பத்தாவது வயதிற் கற்றேன். தொண்டைமானாற்றுக் கடல்நீரேரிக் கரையில் அம்மானுடன் தூண்டில் பழகிய காலம் அது. என் மிதப்பு, போத்தல் தக்கை ஒன்றை அப்படியே துளைத்துக் கோத்தது. முள்ளோ, கடையிற் கிடைத்தவற்றுள் மிகச் சிறியது. பெரிய முள்ளுக்குப் பெரிய மீன் மட்டுமே படும், சிறிய முள்ளுக்கு எல்லா மீனும் படும் என்பது என் கணக்கு. தக்கை இரண்டொரு முறை மெல்ல நடுங்கியது. அது முழுதும் தாழட்டும் என்று காத்திருந்து இழுத்தேன். விரல் நீளமுள்ள ஒரு கீளிக் குஞ்சு வந்தது. தங்கூசி அதன் வாய்க்குட் சென்று மறைந்திருந்தது. முள் கண்ணுக்குத் தெரியவில்லை. இழுக்க இழுக்கச் செவுள் வழியே இரத்தம் வந்தது. அம்மான் அதனை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார்.

"இது கறிக்கும் உதவாது, கடலுக்கும் உதவாது. பிழை இப்ப நடந்ததில்லைத் தம்பி. வீட்டிலை இருந்து முள்ளுக் கட்டேக்கையே நடந்திட்டுது" என்றார்.

அன்று அவர் சொன்னதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கவில்லை. பின்னர், திருக்குறளின் சூது அதிகாரத்தை வகுப்பிற் படித்தபொழுது அந்தக் கீளி நினைவுக்கு வந்தது. சூதாடி வென்ற பொருளை, இரையென்று எண்ணி மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர் (குறள் 931). அங்கே அவர் ஆளும் சொல் கவ்வுதல் அன்று; விழுங்குதல். உதட்டிற் பட்ட முள்ளிலிருந்து மீளலாம். விழுங்கிய முள்ளிலிருந்து மீட்சி அரிது. உவமையின் வலிமை முழுவதும் அவ்வொரு சொல்லில் நிற்கிறது.

மீன் முள்ளை விழுங்குவது ஏன்? பேராசையினால் என்று மீனைக் குறை கூறுவது எளிது. உண்மையில், மீன் இரையை வாயிற் கொண்டதற்கும் மனிதன் அதனை அறிவதற்கும் இடையிலுள்ள காலமே பெரும்பாலும் முள்ளைத் தொண்டைக்குள் அனுப்புகிறது. அந்தக் காலத்தைக் குறைப்பதே மிதப்பின் பணி. தூண்டிலை நீரில் தாங்கி நிற்றல் அதன் இரண்டாவது தொழில்தான். முதலாவது தொழில் செய்தி சொல்லுதல்.

பருத்த தக்கையோ, தடித்த ரெஜிபோம் துண்டோ செய்தியைத் தாமதப்படுத்தும். சிறு மீனின் இழுப்பு அதனை அசைக்கப் போதாது. இரையை விழுங்கிவிட்டு மீன் திரும்பி ஓடும்போதே அது தாழும். ஆதலின், காற்றும் அலையும் இடங்கொடுக்கும் அளவுக்கு மிதப்பு மெலிந்ததாக இருத்தல் வேண்டும். மயிலிறகின் தண்டு இதற்கு மிகவும் ஏற்றது. இங்கிலாந்துத் தூண்டிற்காரர் நெடுங்காலமாக அதனை விரும்பிப் பயன்படுத்தி வந்துள்ளனர். மிதப்பின் நுனி மாத்திரம் நீருக்கு மேலே தெரியும்வரை ஈயம் சேர்த்தல் வேண்டும். அப்பொழுது மீனின் மூச்சுப் பட்டாலும் அது அசையும் என்று சொல்லலாம்.

இவ்விடத்தில் எம் குடாநாட்டவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உப்பு நீர் நன்னீரினும் அடர்த்தி மிக்கது. ஆகவே கிராமத்துக் குளத்திற் சரியாக நின்ற மிதப்பு, கடல்நீரேரியிற் சற்று உயர்ந்து நிற்கும். எமது நீரேரிகளின் உவர்ப்போ ஆண்டு முழுவதும் ஒரே அளவினதன்று. கோடையில் நீர் வற்ற அது கூடும். மாரி வெள்ளம் சேரக் குறையும். எனவே மார்கழியிற் பொருந்திய ஈயம் ஆடியிற் போதாது. கரைக்குச் சென்றதும் மிதப்பை ஒருமுறை நீரிலிட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளுதல் அரைநிமிட வேலைதான்.

ஈயம் இருக்குமிடமும் பெரிது. அதனை முழுவதும் மேலே கட்டி, முள்ளை நெடுந்தூரம் தொங்கவிட்டால், மீன் அவ்வளவு தூரமும் நகர்ந்த பின்பே செய்தி வரும். பெரும்பகுதியை மிதப்புக்கு அண்மையிலும், மிளகளவான ஒரு துண்டை முள்ளுக்கு ஒரு சாண் மேலேயும் வைத்தல் நன்று. நிலத்திற் கிடக்கும் இரையை மீன் தூக்கும்போது அச்சிறு ஈயமும் தூக்கப்படும். மிதப்பு தாழாமல் மேலெழும், அல்லது சாயும். அதுவும் மீன் தொட்ட செய்தியே. தாழ்வதை மட்டும் எதிர்பார்த்திருப்பவன் அதனை இழந்துவிடுகிறான். சோளகம் வீசும் நாளிற் கம்பு நுனிக்கும் மிதப்புக்கும் இடையே தங்கூசி வில்லாக வளைந்து கிடப்பதும் இத்தகைய தாமதத்தையே விளைக்கும். கம்பை மண்ணிற் குத்திவிட்டு ஊர்க்கதை பேசப் போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இனி முள். கடையில் இலக்கத்தாற் கேட்டு வாங்குகிறோம். இலக்கம் கூடக்கூட முள் சிறுக்கும் என்பதைப் புதியவர் அறியார். 12ஆம் இலக்கத்து முள் 6ஆம் இலக்கத்தினும் சிறியது. மிகச் சிறிய முள் தொண்டைக்குள் எளிதாகச் செல்லும். சற்றுப் பெரிய முள் சிறு மீனின் வாய்க்குள் அடங்காது. குஞ்சுகள் இரையைக் கொத்திவிட்டுப் போய்விடும். பிடிக்கக் கருதாத மீனைப் பிடியாதிருத்தலும் தூண்டிலின் திறமே அன்றோ? தண்டு நீண்ட முள், உள்ளே சென்றாலும் விரலுக்கு எட்டும். முனையின் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டினால் நசுக்கி மடக்கிவிட்டால், புகுந்த வழியே அது திரும்பி வரும். தங்கூசியைத் தளரவிடாது பிடிப்பவன் அதனால் இழக்கும் மீன்கள் சிலவே.

முனை தண்டை நோக்கி உள்வளைந்து நிற்கும் வட்ட முள் இன்னொரு வகை. பசிபிக் தீவுகளின் பழங்குடியினர் எலும்பிலும் சிப்பியிலும் ஏறத்தாழ இவ்வடிவத்திலேயே முள் செதுக்கினர். மீன் இதனை விழுங்கினாலும், தங்கூசி இறுகும்போது முனை தொண்டையிற் குத்தாது வழுக்கி வந்து, வாயின் கடையிற் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். 2004ஆம் ஆண்டு, கடலாமைகளைக் காக்கும் பொருட்டு, அமெரிக்கா தன் அத்திலாந்திக் சமுத்திர நீள்தூண்டிற் படகுகளுக்கு இம்முள்ளைக் கட்டாயமாக்கியது. அவ்வாண்டிலேயே குக், சஸ்கி என்னும் ஆய்வாளர் இருவர் முந்திய பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, வட்ட முள்ளிற் பட்டு விடப்பட்ட மீன்களின் இறப்பு சாதாரண முள்ளினும் குறைவு என்று காட்டினர். ஆனால், ஒன்றை மறத்தலாகாது: சாதாரண முள்ளுக்கு முதல் அசைவிலேயே சுண்டி இழுத்தல் வேண்டும், வட்ட முள்ளுக்குச் சுண்டுதல் ஆகாது. கம்பை மெல்ல, ஒரே சீராக உயர்த்தினாற் போதும். இதனை அறியாது பழைய வழக்கிற் சுண்டுவோர், 'இந்த முள்ளுக்கு மீன் படாது' என்று எறிந்துவிடுகின்றனர்.

இவ்வளவு கவனத்தின் பின்னரும் சில வேளை மீன் விழுங்கிவிடும். விடப்போகும் மீனாயின், முள்ளைப் பிடுங்க முயலாது, வாயருகே தங்கூசியை அறுத்து விடுதலே அதன் உயிருக்கு நல்லது என்று ஆய்வுகள் கூறுகின்றன. கறிக்காயின் உடனே கொன்று, வெட்டும்போது முள்ளைத் தேடி எடுத்தல் வேண்டும். ஒடியற் கூழிற் குழந்தையின் வாயில் முள் அகப்பட்டபின் வருந்துவதில் என்ன பயன்?

'கறிக்குப் பிடிக்கும் மீனுக்கு இத்தனை பரிவு எதற்கு?' என்று ஒருவர் கேட்கலாம். பிடிபடுவன எல்லாம் கறிக்கு உரியனவல்ல. கொடுவாயும் திரளியும் போன்றவற்றின் குஞ்சுகள் எமது நீரேரிகளில் வளர்ந்து பருக்கின்றன. அவற்றைத் திருப்பி விடுதலே நாளைய கறிக்கு வழி. மீனை நீருக்கு விடுதல் எமக்குப் புதிய பண்புமன்று. நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார், நாள்தோறும் தம் வலையிற் பட்டவற்றுள் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டார். ஒன்று மட்டுமே பட்ட நாளிலும் அதனை விட்டார் என்று சேக்கிழார் பாடினார். ஆனால் தொண்டையில் முள்ளேறிய மீனை விடுதல் விடுதலாகாது. நம் கண்முன் சாகவேண்டியதை நீருக்கடியிற் சாக அனுப்புகிறோம், அவ்வளவே.

அம்மான் மறைந்து நெடுங்காலமாயிற்று. இன்றும் பண்ணைக் கரையில் யாரேனும் ஒரு சிறுவன் தூண்டிலிட்டு நிற்கக் கண்டால், எத்தனை மீன் பட்டது என்று நான் கேட்பதில்லை. 'முள்ளைக் காட்டு, தம்பி' என்று கேட்கிறேன். சிலர் சிரிப்பர். சிலர் காட்டுவர். என் சட்டைப் பையில் எப்பொழுதும் ஒரு சிறு குறடும், 6ஆம் இலக்கத்து முட்கள் நாலைந்தும் இருக்கும்.