வெறுங்காலில் ஒரு பருவம்: 1911

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியால் வெளிக்கிட்டுச் சுண்டிக்குளியைத் தாண்டினால் அரியாலை. பின்னேரமானால் ஏதாவதொரு வெளியில் பொடியன்கள் பந்தடித்துக் கொண்டிருப்பார்கள். பக்கத்திலேயே பரியோவான் கல்லூரி. 1823இல் நல்லூரில் தொடங்கி, 1891இல் இன்றைய பெயரைப் பெற்ற மிஷன் கல்லூரி அது. நமது நாடுகளுக்குள் உதைபந்தைக் கொண்டு வந்தவை இரண்டு: ஒன்று வெள்ளைக்காரப் பட்டாளம், மற்றது இத்தகைய கல்லூரிகள். பட்டாளம் தனக்குள் விளையாடியது. ஊர்ப் பிள்ளைகளிடம் பந்தைக் கொடுத்தது கல்லூரிதான்.

அந்நாளில் யாழ்ப்பாணக் கல்லூரிகள் சில கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. யாழ். இந்துக் கல்லூரி 1895இல் அப்படி இணைந்தது. (நமது அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் பிற்காலத்தில் படித்த கல்லூரி. அவர் பிறந்ததும் நாம் பேசப்போகும் 1911இல்தான்.) ஆகவே, கல்லூரிப் பொடியன்கள் பந்தோடு என்ன செய்தார்கள் என்று அறிய நாம் கல்கத்தாவுக்குப் போவது அவ்வளவு பெரிய சுற்றுவழி அல்ல.

கல்கத்தாவிலும் ஆட்டம் கல்லூரிகளிலிருந்துதான் ஊருக்குள் இறங்கியது. 1889இல் தோன்றிய மோகன் பகான் கழகம் 1911இல் ஐ.எப்.ஏ. கேடயத்துக்கு இறக்கிய அணியிலும் கல்லூரி வாடை உண்டு. முன்னணி வீரர் அபிலாஷ் கோஷ் ஸ்கொட்டிஷ் சேர்ச் கல்லூரி மாணவர். பின்காப்பு வீரர் சுதீர் சட்டர்ஜி கல்லூரி ஆசிரியர், கிறிஸ்தவர். பதினொரு பேரில் சப்பாத்துப் போட்டவர் அவர் ஒருவர்தான். மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால்.

வெறுங்கால் என்றதும் பாவம் என்று நினைக்க வேண்டாம். காய்ந்த தரையில் அது அனுகூலம். கால்விரல் பந்தை உணரும், சட்டெனத் திரும்பலாம். மழை பெய்து சேறானால்தான் கதை மாறும். தோற்பந்து நீர் குடித்துக் கனக்கும், கால் வழுக்கும், எதிராளியின் சப்பாத்து வெறும் பாதத்தில் ஏறும். கல்கத்தாவில் பந்துப் பருவம் வருவதோ மழைக்காலத்தோடு.

அக்காலச் சட்டங்களும் வேறு. எதிரணியில் மூன்று பேராவது முன்னால் இல்லாவிட்டால் ஓப்சைட். அது இரண்டாகக் குறைந்தது 1925இல். கோல் காப்பவர் தன் பாதி மைதானத்தில் எங்கு நின்றும் கையால் பந்தைத் தொடலாம். அதற்கு முடிவு வந்தது 1912இல். ஒருவர் காயப்பட்டால் மாற்றாள் கிடையாது. போதாததற்கு, கல்கத்தா லீக்கின் கதவு மோகன் பகானுக்கு அன்று திறக்கவில்லை. 1914இல்தான் இரண்டாம் பிரிவில் இடம் கிடைத்தது. ஆகவே அவர்களுடைய பருவம் பெரும்பாலும் ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய போட்டிகள்தான்.

ஜூலை 10இல் முதலாட்டம். சென். சேவியர்ஸ் அணியை 3-0 என்று வென்றார்கள். அடுத்து ரேஞ்சர்ஸ் 2-1, ரைபிள் பிரிகேட் 1-0. அரையிறுதியில் மிடில்செக்ஸ் பட்டாளத்தோடு 1-1 சமநிலை. மறுபடி ஆடி 3-0. ஜூலை 29இல் கிழக்கு யோர்க்‌ஷயர் பட்டாளத்தோடு இறுதியாட்டம். மொத்தம் ஐம்பதே நிமிடம். கூட்டத்தில் பின்னால் நின்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு மைதானமே தெரியவில்லை; பட்டம் ஏற்றி அதில் கோல் கணக்கைக் காட்டினார்களாம். பட்டாளம் முதல் கோலைப் போட்டது. தலைவர் சிவதாஸ் பாதுரி சமப்படுத்தினார். முடிவுக்குச் சற்று முன் அபிலாஷ் கோஷ் அடித்தது வெற்றி கோல். 2-1.

நம் வாசகர் கவனிக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகு வருகிறது. கல்கத்தாவில் வெளிவந்த ‘த முஸல்மான்’ பத்திரிகை இந்த வெற்றியைக் கொண்டாடி எழுதியது. முஸ்லிம் விளையாட்டுக் கழகத்தவர்கள் இந்துச் சகோதரர்களின் வெற்றியில் தாங்களும் நிலைகொள்ளாமல் மகிழ்ந்தார்கள் என்று அது பதிவு செய்கிறது. இதன் எடை அந்த ஆண்டைத் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். 1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது கிழக்கு வங்க முஸ்லிம்களில் பலர் அதை நன்மையாகக் கண்டார்கள். கல்கத்தாவின் இந்துப் படித்த வர்க்கமோ கடுமையாக எதிர்த்தது. அந்தப் பிளவு ஆறாமலிருந்த 1911 ஜூலையில்தான் இந்த மகிழ்ச்சி. அதே ஆண்டு டிசம்பரில் பிரிவினையே ரத்தானது; தலைநகரும் டில்லிக்குப் போயிற்று.

நம்முடைய ஆட்கள் கல்கத்தா உதைபந்து என்றால் 1934இலிருந்து கதைக்கத் தொடங்குவார்கள். குற்றமில்லை. 1891இல் தொடங்கிய முகம்மதன் ஸ்போர்ட்டிங், முதற் பிரிவுக்கு ஏறிய முதல் ஆண்டிலேயே லீக்கை வென்றது. இந்தியக் கழகமொன்று அதை வென்றது அதுவே முதல் தடவை. 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை. 1936இல் கேடயமும் கிடைத்தது. பெஷாவர் தொடங்கிப் பல ஊர்களிலிருந்து ஆட்களைச் சேர்த்தது ஒரு காரணம். இன்னொன்று சின்ன விஷயம் மாதிரித் தெரியும்: தரை ஈரமானால் வீரர்களுக்குச் சப்பாத்துப் போடுவித்தார்கள். 1911இல் ஒருவர் காலில் மட்டும் இருந்ததை முழு அணிக்கும் பழக்கினார்கள். ஆனாலும் பழக்கம் லேசில் போகவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 2-1 என்று தோற்ற இந்திய அணியில்கூடப் பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள்.

1934இன் வெற்றியோடு வந்த பெருமையில் ஒரு கசப்பும் கலந்தது. கழகங்களின் போட்டி மெல்ல மெல்லச் சமூகங்களின் போட்டியாயிற்று. அதனால்தான் ‘த முஸல்மான்’ எழுதியதை நான் முதலில் வைத்தேன். 1934ஐ மட்டும் படிக்கிற பிள்ளை, 23 வருடத்துக்கு முன் நம்மவர்கள் யாருடைய கோலுக்குத் துள்ளினார்கள் என்பதை அறியாமலே வளர்ந்துவிடும்.