மேற்கு ஆப்பிரிக்க வழக்கறிஞர்கள் – 6: ஜே. பி. டான்குவா

தங்கக் கரை என்று ஆங்கிலேயர் பெயரிட்டு ஆண்ட இன்றைய கானாவில் 1895ஆம் ஆண்டு பிறந்த ஜே. பி. டான்குவாவின் சட்டப் பயிற்சி இலண்டனில் தொடங்கியதன்று. அக்ரா நகரில் ஒரு பாரிஸ்டரிடம் எழுத்தராகவும், பின்னர் தமக்கு மாற்றாந்தாய் வழி அண்ணனும் அக்கிம் அபுவாக்வா நாட்டின் மரபரசருமான நானா ஒஃபோரி அட்டாவின் தீர்ப்பாயச் செயலராகவும் இருந்த ஆண்டுகளிலேயே, ஆங்கிலச் சட்டமும் அக்கான் மக்களின் வழக்காற்றுச் சட்டமும் ஒரே மண்ணில் மோதியும் இணங்கியும் நடப்பதை அவர் கண்டறிந்தார். 1926இல் பாரிஸ்டரானதும், அடுத்த ஆண்டில் மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றதும், 1928இல் அக்கான் சட்டங்களையும் வழக்கங்களையும் பற்றிய நூலை வெளியிட்டதும் அந்த இளமைப் பயிற்சியின் விளைச்சல் என்றே கொள்ளத் தகும்.

1946இல் சட்டமன்றக் குழுவில் இடம்பெற்ற டான்குவா, மறுஆண்டு ஆகஸ்டு 4 அன்று சால்ட்பாண்டு என்னும் கடலோர ஊரில் ஐக்கிய தங்கக் கரை மாநாடு என்ற கட்சி தொடங்கப்பட்டபோது அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவராக நின்றார். அக்கட்சியின் பொதுச்செயலராக வெளிநாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவரே குவாமே என்குருமா. 1948 பிப்ரவரியில் முன்னாள் படைவீரர்களின் ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச்சூடு நடந்து மூவர் மாண்டதைத் தொடர்ந்து கலவரம் மூண்டபோது, இருவரும் வேறு நால்வரோடு சேர்த்துக் கைது செய்யப்பட்டனர். 'இயன்றவரை விரைவில் தன்னாட்சி' என்று சட்ட மொழியில் பேசிய கட்சியிலிருந்து என்குருமா 1949இல் பிரிந்து, 'இப்போதே தன்னாட்சி' என்று தெருவின் மொழியில் பேசத் தொடங்கியதும், மக்கள் திரள் எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 1951இல் சட்டமன்றத்தில் இடம்பெற்ற டான்குவா, 1954ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் அண்ணன் மகனும் என்குருமாவின் கட்சி வேட்பாளருமான ஆரோன் ஒஃபோரி அட்டாவிடம் தோற்றார், 1956இலும் தோற்றார், 1960இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் என்குருமாவை எதிர்த்தபோது கிடைத்தவை ஏறத்தாழ 1,24,000 வாக்குகள், எதிரே பத்து இலட்சத்துக்கும் மேல்.

நாடாளுமன்றத்தில் இழந்த இடத்தை அவர் நீதிமன்றத்தில் தேடினார். 1958இல் இயற்றப்பட்ட தடுப்புக் காவல் சட்டம், ஒருவரை விசாரணையின்றி ஐந்து ஆண்டுகள் வரை சிறையில் வைக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. அதன்படி 1959இல் சிறைப்பட்ட பாஃபூர் ஒசெய் அக்கோட்டோ உள்ளிட்ட எண்மருக்காக டான்குவா உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். பேச்சுரிமை முதலிய உரிமைகளை மதிப்பதாகக் குடியரசுத் தலைவர் பதவியேற்கும்போது செய்யும் உறுதிமொழி அரசமைப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டிருப்பதால், அதற்கு முரணான சட்டம் செல்லாது என்பது அவர் வாதத்தின் சாரம். 1961 ஆகஸ்டில் வழங்கப்பட்ட தீர்ப்போ, அவ்வுறுதிமொழி அறநெறிக் கடமையே அன்றிச் சட்டக் கட்டுப்பாடு ஆகாது என்றும், தலைவர் அதிலிருந்து வழுவினால் மக்களுக்குள்ள பரிகாரம் வாக்குப் பெட்டியேயன்றி நீதிமன்றம் அன்று என்றும் உரைத்தது. வாக்குப் பெட்டியில் மும்முறை தோற்ற வழக்கறிஞருக்கு இதைவிடக் கடுமையான விடை இருந்திருக்க முடியாது. ஆயினும் அன்று அவர் எடுத்துவைத்த கேள்வியே, உரிமைகள் பதவிப்பிரமாணத்தின் அழகுச் சொற்களா, நீதிமன்றம் நிறைவேற்றக் கடமைப்பட்ட சட்டமா என்ற கேள்வியே, அவர் வாழ்வின் ஆகப் பெரிய பணி. அவர் கட்சியின் மேட்டிமைப் போக்கை எவ்வளவு குறைகூறினாலும் இந்த மதிப்பீடு மாறாது.

தீர்ப்பு வெளியான சில வாரங்களில், டக்கோராடித் துறைமுக நகரின் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அடுத்து, அதே சட்டத்தின் கீழ் அவரே சிறை வைக்கப்பட்டார். 1962 ஜூனில் விடுதலையானார். 1964 ஜனவரியில் என்குருமாவைக் கொல்ல முயற்சி நடந்த சில நாள்களில் மீண்டும் பிடிக்கப்பட்டு, எவ்வித விசாரணையும் இன்றி என்சவாம் சிறையில் அடைக்கப்பட்டு, 1965 பிப்ரவரி 4 அன்று, 69ஆம் வயதில் அங்கேயே இறந்தார். 1966 பிப்ரவரி 24 அன்று இராணுவம் என்குருமாவின் ஆட்சியைக் கவிழ்த்த பின்னர், அச்சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்டிருந்தவர்கள் விடுவிக்கப்பட்டனர். அடிப்படை உரிமைகளை மீறினால் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்பது கானாவின் 1992ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தில் 33ஆம் பிரிவாக உள்ளது.