எண்ணில் அகப்படாத் தகுதி
அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசை வீரரைத் தேர்ந்தறியும் முறை

முன்னுரை

கண்ணுக்குப் புலனாகும் செயலுக்குப் பாராட்டு எளிதில் கிட்டுகிறது. கோல் அடித்தவர், ஓட்டம் குவித்தவர், விக்கெட் வீழ்த்தியவர் ஆகியோரின் பெயர்களை நாளேடுகள் நாள்தோறும் தாங்கி வருகின்றன. ஆனால், தீங்கொன்று நேராமல் தடுத்தவரின் உழைப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? நேராமற்போன ஒன்றை எவ்வாறு எண்ணிக் காட்டுவது? இவ்வினா பல துறைகளுக்கும் உரியது. இதனை ஆண்டுதோறும் நேர்நின்று சந்தித்து, பெரும்பொருளைப் பணயம் வைத்து விடைகாண முயலும் களம் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் தொழில்முறைக் கால்பந்து அணிகள், கல்லூரிகளில் ஆடும் முன்வரிசை வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் களமே அது. அவ்வீரர்கள் அங்கு எவ்வாறு மதிப்பிடப்படுகின்றனர் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டமும் அரணும்

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்தினின்றும் வேறானது. இருமுனையும் கூம்பிய நீள்பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், முன்னோக்கி எறிந்தும் ஆடப்படுவது. அணிக்குப் 11 பேர். பந்தை உடைய அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜமேனும் முன்னேறுதல் வேண்டும். இயலாதாயின் பந்து எதிரணிக்குச் சென்றுவிடும். இம்முயற்சிகளுக்குத் தலைமை தாங்கிப் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக் எனப்படுவார்.

அவருக்கு முன்னே அரணாக ஐவர் நிற்பர். நடுவில் நின்று பந்தைப் பின்னே தருபவர் சென்டர். அவருக்கு இருபுறமும் இருவர் கார்டு. இரு கோடியிலும் இருவர் டேக்கிள். இவ்வைவருமே முன்வரிசை வீரர்கள். பந்தெறிபவரை வீழ்த்தப் பாய்ந்துவரும் எதிரணியினரை இரண்டரை அல்லது மூன்று வினாடி தடுத்து நிறுத்துவதும், பந்தேந்தி ஓடுபவருக்கு வழி திறந்து விடுவதும் இவர்தம் பணி. முன்னெறியும் பந்தைப் பிடிக்கும் உரிமையும் பொதுவாக இவர்களுக்கு இல்லை.

வலக்கையால் எறியும் குவார்ட்டர்பேக், எறியத் திரும்பி நிற்கையில் அவருடைய இடப்பக்கத்தை அவரால் காண இயலாது. அப்பக்கத்தைக் காப்பவர் இடக்கோடி டேக்கிள். காவல் தவறினால் விளைவது யாது என்பதை 1985 நவம்பர் 18 அன்று நடந்த ஆட்டம் காட்டிற்று. வாஷிங்டன் அணியின் ஜோ தைஸ்மனை நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் வீழ்த்தியபோது தைஸ்மனின் கால் எலும்பு முறிந்தது. அத்துடன் அவருடைய ஆட்ட வாழ்வும் முடிந்தது. எனவே, முன்வரிசை வீரரைத் தேர்ந்தெடுப்பவர், பிறிதொரு மனிதரின் உடலைக் காக்கும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதையே தீர்மானிக்கிறார் எனலாம்.

தேர்வின் அமைப்பு

கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தேர்ந்துகொள்ளும் நிகழ்ச்சிக்கு டிராஃப்ட் என்று பெயர். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் முன்மொழிய, 1936-ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியா நகரில் இது முதன்முதல் நடைபெற்றது. முந்தைய பருவத்தில் மிகவும் பின்தங்கிய அணிக்கு முதல் வாய்ப்பு என்பது இதன் அடிப்படை விதி. 1994 முதல் ஏழு சுற்றுகளாக நடந்து வருகிறது. இன்று 32 அணிகள் பங்குகொள்கின்றன.

மெலிந்த அணி வலுப்பெறுதல் வேண்டும் என்பதே விதியின் கருத்து. ஆனால், அவ்வணி தன் முதல் வாய்ப்பைத் தகுதியற்றவர்பால் செலவிட்டுவிடின் மேலும் மெலியும். முன்னதாக அழைக்கப்படும் வீரருக்கு ஊதியமும் மிகுதி; பின்னர் அழைக்கப்படுபவர்க்குக் குறைவு; அழைக்கப்படாதவர் நிலை கூற வேண்டுவதில்லை. ஆகவே இம்மதிப்பீட்டில் நேரும் பிழை இரு பக்கமும் வெட்டும் வாளாகிறது.

பந்து பிடிப்பவர்க்கும் ஓடுபவர்க்கும் கல்லூரிப் பருவத்திலேயே எண்கள் துணைநிற்கின்றன: எத்தனை கெஜம் ஓடினார், எத்தனை பந்து பிடித்தார் என்று பட்டியல் சொல்லிவிடும். முன்வரிசை வீரருக்கு அத்தகைய பட்டியல் இல்லை. எத்தனை ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்து ஆடினார், எத்தனை தண்டனைகள் பெற்றார் என்பன போன்ற சிலவே உள. எதிரியைப் பிடித்திழுத்தால் 10 கெஜமும், பந்து நகருமுன் அசைந்தால் 5 கெஜமும் அணி பின்வாங்க நேரும். ஆக, அவர்தம் பெயரைப் பார்வையாளர் கேட்பது பெரும்பாலும் அவர் தவறியபோதுதான்.

அளவைகளும் அவற்றின் எல்லையும்

இக்குறையை நிரப்ப அணிகள் முதலில் நாடுவது உடலளவைகளை. இண்டியானாபொலிஸ் நகரில் 1987 முதல் கம்பைன் என்னும் தேர்வு முகாம் ஆண்டுதோறும் நடந்து வருகிறது. உயரம், எடை, கையின் நீளம், உள்ளங்கையின் அகலம் ஆகியன அளக்கப்படுகின்றன. 40 கெஜ ஓட்டம், நின்றபடி மேல்நோக்கித் தாவுதல், முன்னோக்கித் தாவுதல், திசைமாற்றி ஓடுதல், 225 பவுண்டு எடையைப் படுத்தபடி இயன்றமட்டும் தூக்குதல் ஆகிய சோதனைகளும் நிகழ்கின்றன. மருத்துவச் சோதனையும் நேர்காணலும் உடன் நடைபெறும்.

இவ்வளவைகள் பயனற்றவை என்று கூறிவிட முடியாது. ஒவ்வொன்றும் எதனைக் காட்டுகிறது என்றறிந்தே கொள்ளுதல் வேண்டும். முன்வரிசை வீரர் ஆட்டத்தில் 40 கெஜம் ஓடும் தேவை அரிதினும் அரிது. ஆதலின் தேர்ந்தோர் அவ்வோட்டத்தின் முதல் 10 கெஜத்தையே கூர்ந்து நோக்குவர். புறப்படும் விசை அதில்தான் புலப்படும். எடை தூக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கை நீண்டவர் எடையை நெடுந்தொலைவு உயர்த்த வேண்டியிருத்தலின் எண்ணிக்கை குறையக்கூடும். ஆட்டத்திலோ அந்த நீண்ட கைதான் எதிரியை எட்ட நிறுத்துகிறது. சோதனையில் குறையாவது களத்தில் நிறையாகிறது என்பது ஈண்டு அறியத்தக்கது.

ஓர்லாண்டோ பிரௌன் ஜூனியரின் வரலாறு இதற்குத் தக்க சான்று. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் இடக்கோடி டேக்கிளாகச் சிறந்து விளங்கியவர் அவர். 2018-ஆம் ஆண்டு முகாமில் 40 கெஜத்தை 5.85 வினாடியில் கடந்தார். எடையை 14 முறையே தூக்கினார். டேக்கிள் ஒருவருக்கு இவை மிகத் தாழ்ந்த அளவுகள். கல்லூரியில் அவர் காத்து நின்ற குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டு அவ்வாண்டு முதலாமவராக அழைக்கப்பட்டார். காத்தவரோ மூன்றாம் சுற்றில் 83-ஆவதாக பால்டிமோர் அணியால் எடுக்கப்பட்டார். ஆயினும் 2019 முதல் 2022 வரை நான்கு பருவங்களிலும் சிறந்த வீரர்களுக்குரிய புரோ பவுல் சிறப்பு அவருக்குக் கிட்டியது.

படம் காட்டும் உண்மை

அளவைகளுக்கு அடுத்துத் தேர்வாளர் நம்புவது ஆட்டப் பதிவுகளை. ஒளிப்பதிவு முறை மாறிவிட்ட பின்னும் பிலிம் என்ற பழைய சொல்லே அத்துறையில் வழங்குகிறது. அதனைக் காண்பதில் முதல் விதி, பந்தைப் பாராதிருத்தல். நம் கண் இயல்பாகப் பந்தின் பின்னே ஓடும். அதனை அடக்கி, பந்து எங்குச் சென்றாலும் ஒரே வீரர்மீது பார்வையை நிறுத்துதல் வேண்டும். ஒரே முயற்சியை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்தலும் வேண்டும்.

பார்க்க வேண்டுவன யாவை? முதலாவது கால்கள். பின்னோக்கி நகர்கையில் கால்கள் ஒன்றையொன்று குறுக்கிடாமல், சிற்றடி வைத்து, எதிரியின் பாதைக்கு நேரே நிற்கின்றனவா என்று காண்பர். இரண்டாவது முழங்கால். மடங்க வேண்டியது முழங்காலும் இடுப்புமே; முதுகு வளைந்து தலை முன்சாய்பவர் நிலைகுலைவது எளிது. மூன்றாவது கைகள். எதிரியின் மார்பை உட்புறமாக முதலில் பற்றுபவர் யார் என்பதே பல வேளைகளில் வெற்றியை உறுதிசெய்கிறது. நான்காவது ஊன்றி நிற்றல். வலியவன் நேரே மோதித் தள்ளும்போது இரண்டடி பின்வாங்கியேனும் மீண்டும் வேரூன்றுகிறாரா என நோக்குவர். ஐந்தாவது மதிநுட்பம். எதிரணியினர் இருவர் தம்முள் இடம் மாறிப் பாய்கையில், தம் ஆளைப் பக்கத்தவரிடம் ஒப்படைத்து, வருபவரை ஏற்கும் விழிப்பு உள்ளதா என்பது. இவற்றுக்கும் மேலாக, ஒருமுறை தோற்ற வீரர் அடுத்த முயற்சியில் என்ன செய்கிறார் என்பதைத் தேர்வாளர் குறித்துக்கொள்வர். தோல்வி எவர்க்கும் உண்டு. அதனால் அவர்தம் கால்களில் தடுமாற்றம் புகுகிறதா என்பதே வினா.

படமும் மயக்கக் கூடும். எதிரே நின்றவர் எத்தகையவர்? பக்கத்தில் நின்றவர் எவ்வளவு துணை செய்தார்? குவார்ட்டர்பேக் நொடிப்பொழுதில் பந்தை எறிந்துவிடும் முறையில் அவ்வணி ஆடியதாயின், நெடுநேரம் காக்கும் திறன் சோதிக்கப்பட்டிருக்காது. விதிகளிலும் வேறுபாடு உண்டு. எறிதலுக்கு முன் முன்வரிசையினர் கல்லூரி ஆட்டத்தில் 3 கெஜம் வரை முன்செல்லலாம். தொழில்முறை ஆட்டத்தில் 1 கெஜமே. இவ்வேறுபாடுகளை நீக்கிப் பார்க்கும் வாய்ப்பாகவே அலபாமா மாநிலத்து மொபைல் நகரில் நடக்கும் சீனியர் பவுல் பயிற்சிகள் கருதப்படுகின்றன. அங்கு ஒருவருக்கு ஒருவராக நின்று மோதுங்கால் பக்கத்துணைக்கு இடமில்லை.

மூன்று வரலாறுகள்

இம்மதிப்பீடு பிழைத்த இடங்களும் பொருந்திய இடங்களும் நமக்குப் பாடமாவன.

மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டோனி மாண்டரிச் 1989-ஆம் ஆண்டு கிரீன் பே அணியால் இரண்டாமவராக அழைக்கப்பட்டார். அவருடைய உடற்கட்டு நாட்டையே வியக்க வைத்தது. அவருக்கு முன்னும் பின்னும் அழைக்கப்பட்ட டிராய் ஐக்மன், பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டீயோன் சாண்டர்ஸ் ஆகிய நால்வரும் பின்னாளில் புகழ்மன்றத்தில் இடம்பெற்றனர். மாண்டரிச்சோ சில ஆண்டுகளில் அணியினின்றும் விடுவிக்கப்பட்டார். கல்லூரி நாளில் ஸ்டீராய்டு மருந்துகளைக் கொண்டதாக 2008-இல் அவரே ஒப்புக்கொண்டார். அளவுகோல் உடலைச் சரியாகவே அளந்தது. அவ்வுடல் எதனால் அமைந்தது என்பதை அது சொல்லவில்லை. போதைப் பழக்கத்தினின்றும் மீண்டு, 1996 முதல் மூன்று பருவங்கள் இண்டியானாபொலிஸ் அணிக்கு அவர் ஆடியதையும் கூறாவிடின் அவர் வரலாறு நிறைவுபெறாது.

ஜேசன் கெல்சி சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இன்றிச் சேர்ந்தவர். வேறு இடங்களில் ஆடிப் பின்னரே முன்வரிசைக்கு வந்தவர். அவ்விடத்துக்கு எடை போதாது என்று கருதப்பட்டார். 2011-இல் ஆறாம் சுற்றில் 191-ஆவதாக ஃபிலடெல்ஃபியா அணி அவரை எடுத்தது. விரைந்த காலும் எதிரணியின் நிலைகண்டு முன்னறியும் கூர்மதியும் எடைக்குறையை ஈடுசெய்தன. 13 பருவங்கள் ஆடி, நாட்டின் தலைசிறந்த சென்டராக ஆறுமுறை அறிவிக்கப்பெற்று, 2024-இல் ஓய்வுபெற்றார்.

ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடியவர். 2018-இல் ஏழாம் சுற்றில் 233-ஆவதாக அதே ஃபிலடெல்ஃபியா அணி அவரை எடுத்தபோது, அவர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றில்கூட ஆடியதில்லை. பார்க்கப் படமே இல்லை. இருந்தவை 6 அடி 8 அங்குல உயரமும், அப்பேருடலைத் தாங்கி இலகுவாக நகரும் கால்களும், கற்கும் விருப்பமுமே. பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டௌட்லண்ட் அவருக்கு ஆட்டத்தை அடிநாள் முதல் கற்பித்தார். 2025 பிப்ரவரியில் அவ்வணி சூப்பர் பவுல் வென்றபோது இடக்கோடியைக் காத்தவர் மைலாட்டாவே.

இம்மூன்றும் சேர்ந்து உணர்த்துவது ஒன்று. கற்பிக்க இயலாதவை எவை, கற்பிக்கத்தக்கவை எவை என்று தேர்வாளர் பிரித்தறிதல் வேண்டும். நீண்ட கையையும் இலகுவான காலையும் எவரும் கற்பிக்க முடியாது. கையை எங்கு வைப்பது என்பதைக் கற்பிக்கலாம். ஆனால் கற்பிக்கவல்ல ஆசிரியர் தம்மிடம் உள்ளாரா என்று அவ்வணி தன்னையும் மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும். மாணவரின் தகுதியை அளக்கும்போது ஆசிரியரின் தகுதியும் உடன் அளக்கப்படுகிறது.

நிறைவுரை

ஜோ தாமஸ் 2007-இல் மூன்றாமவராக கிளீவ்லாந்து அணியால் அழைக்கப்பட்டவர். அழைப்பு நாளில் விழா மேடைக்குச் செல்லாமல் தந்தையுடன் மீன்பிடிக்கச் சென்றிருந்தார். 2017-இல் காயமுறும் வரை ஒரு முயற்சியும் விடாது தொடர்ந்து 10,363 முயற்சிகளில் ஆடினார். அப்பதினோரு பருவங்களில் அவருடைய அணி ஒருமுறைகூட இறுதிக்கட்டப் போட்டிகளுக்குத் தகுதி பெறவில்லை. அணியின் வெற்றிப் பட்டியலைக் கொண்டு அவரை அளந்திருந்தால் அவர் தகுதி மறைந்தே போயிருக்கும். 2023-இல் புகழ்மன்றம் அவரை ஏற்றது. அவரை மட்டும் நோக்கிய கண்கள் இருந்தமையால் இது நிகழ்ந்தது.

2022-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஃபிலடெல்ஃபியா அணி எதிரணிப் பந்தெறிவோரை 70 முறை வீழ்த்தியிருந்தது. 2023 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் ஆட்டத்தில் கான்சஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸை அது வீழ்த்தியது எத்தனை முறை? ஒருமுறையும் இல்லை. அன்று மஹோம்ஸின் இடக்கோடியில் நின்றவர், ஓட்டத்திலும் எடை தூக்குவதிலும் பின்தங்கிய ஓர்லாண்டோ பிரௌன். ஐவரும் கூடிப் பெற்ற அந்தச் சுழியமே முன்வரிசையின் மதிப்பெண்.

நம்மைச் சுற்றியும் சுழியத்தையே ஈட்டித் தருவோர் பலர் உளர். அவர்தம் தகுதியை அறிய விரும்புவோர் செய்ய வேண்டுவது, சிறிது நேரமேனும் பந்தினின்றும் கண்ணை எடுப்பதே.