மைக்ரோபயாலஜி எடுக்கலாமா? சேரும் முன் போட வேண்டிய மூன்று வருடக் கணக்கு

“அண்ணா, மைக்ரோபயாலஜி சீட் கிடைக்குது. எடுக்கட்டுமா? நாளைக்குள்ள சொல்லணும்.”

பிளஸ் டூ ரிசல்ட்டும் நீட் ரிசல்ட்டும் வரும் சீசனில், வேலைக்குப் போகும் அண்ணன், அக்காக்களின் வாட்ஸ்அப்பில் தவறாமல் வந்து விழும் மெசேஜ் இது. அப்பா, அம்மாவுக்கு இந்தப் படிப்பைப் பற்றி அதிகம் தெரிந்திருக்காது. “லேப்ல வேலை கிடைக்குமாம்” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கடைசியில் முடிவு உங்கள் தலையில்.

‘எடு’, ‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. முடித்ததும் இன்ன வேலை என்று கைகாட்டும் படிப்பு அல்ல பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. அதிலிருந்து சில வழிகள் பிரிகின்றன. எந்த வழி என்பதை முதல் வருடத்திலேயே யோசிக்கத் தொடங்கினால் நல்ல படிப்பு. ‘ஃபைனல் இயர்ல பார்த்துக்கலாம்’ என்று விட்டால் சிக்கல்.

*பெயர் ஒன்று, படிப்பு மூன்று*

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும், அவரிடம் முதுநிலை படித்துவந்த மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. இந்தக் கதையைப் படித்துவிட்டு “நானும் மைக்ரோபயாலஜிஸ்ட் ஆகப்போறேன்” என்று கிளம்பினால் சந்தோஷம். ஆனால், அந்த இருவரும் டாக்டர்கள். எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. மைக்ரோபயாலஜிக்குப் போவது ஒரு பாதை.

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம், சளி மாதிரிகளைப் பரிசோதிப்பவர்கள் பெரும்பாலும் டி.எம்.எல்.டி. அல்லது பி.எஸ்சி. எம்.எல்.டி. படித்தவர்கள். அரசு லேப் டெக்னீஷியன் வேலைக்கும் அந்தப் படிப்பைத்தான் கேட்கிறார்கள். இது இரண்டாவது பாதை.

கலை அறிவியல் கல்லூரியில் கிடைக்கும் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி மூன்றாவது. இது அறிவியல் பட்டம், மருத்துவத் தொழில் பட்டம் அல்ல. “ஆஸ்பத்திரி லேப்லதான் வேலை பார்க்கணும்” என்பது தங்கையின் ஆசை என்றால், எம்.எல்.டி.க்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மூன்று வருடம் கழித்துத் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிவது நல்லது.

*சரி, இம்யூனாலஜி எங்கே வருகிறது?*

டைபாய்டு சந்தேகம் வந்தால் டாக்டர் இரண்டு விதமான டெஸ்ட் எழுதலாம். ரத்தத்தை ஊடகத்தில் வைத்து, அதில் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்ப்பது ‘பிளட் கல்ச்சர்’. அந்தப் பாக்டீரியாவை எதிர்க்க உடல் உருவாக்கிய ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது ‘வைடால்’. முதலாவது கிருமியைத் தேடுகிறது. அது மைக்ரோபயாலஜி. இரண்டாவது உடலின் பதிலைத் தேடுகிறது. அது இம்யூனாலஜி, அதாவது நோய் எதிர்ப்பியல்.

கனடாவின் மெக்கில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகங்களில் இரண்டையும் சேர்த்தே இளங்கலை படிக்கலாம். நம் ஊரில் இம்யூனாலஜி பெரும்பாலும் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜிக்குள் ஓரிரு தாள்களாகத்தான் வரும். தடுப்பூசி, அலர்ஜி, புற்றுநோய்க்கான இம்யூனோதெரபி என்று ஆர்வம் இருப்பவர்கள், அந்தத் தாள்களை அடித்தளமாக வைத்துக்கொண்டு முதுநிலையிலும் ஆராய்ச்சியிலும்தான் இம்யூனாலஜிக்குள் முழுதாக நுழைய முடியும்.

*எங்கெல்லாம் போகலாம்?*

முதல் வழி, தரக் கட்டுப்பாடு. மருந்து, பால், இறால் ஏற்றுமதி, குடிநீர் எனப் பல நிறுவனங்களிலும் ‘கியூ.சி.’ மைக்ரோபயாலஜி லேப் இருக்கும். ஊசி மருந்தில் கிருமி இல்லை என்பதை உறுதிசெய்யும் ஸ்டெரிலிட்டி டெஸ்ட்டுக்கு மட்டுமே 14 நாள் காத்திருந்து பார்க்க வேண்டும். பொறுமையும், செய்ததைச் செய்தபடி பதிவேட்டில் எழுதும் ஒழுக்கமும்தான் இங்கே மூலதனம். பி.எஸ்சி. முடித்ததும் சேரலாம். ஆனால், ஆரம்பச் சம்பளம் ஐ.டி. கம்பெனி மாதிரி இருக்காது. ஷிஃப்டும் உண்டு.

இரண்டாவது, அரசு வேலை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கான கல்வித் தகுதிப் பட்டியலில் மைக்ரோபயாலஜி பட்டம் இருக்கிறது. அறிவிப்பு வரும்போதுதான் தேர்வு. அதனால் இதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

மூன்றாவது, ஆராய்ச்சி. எம்.எஸ்சி. இரண்டு வருடம், பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் போன்ற தேர்வு எழுதி பிஎச்.டி. அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம்தான், சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துக் காசநோயைக் குணப்படுத்த முடியும் என்று உலகத்துக்குக் காட்டியது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் என்று இந்தத் துறையின் பெரிய பெயர்கள் பலவும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன.

*“கணக்கு வேண்டாம்னுதானே பயாலஜி எடுத்தேன்?”*

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ‘ஜாம்’ தேர்வு எழுத வேண்டும். அதில் மைக்ரோபயாலஜிக்கென்று தனித் தாள் கிடையாது, பயோடெக்னாலஜி தாள்தான். அதில் உயிரியலோடு வேதியியல், இயற்பியல், கணிதம் எல்லாம் உண்டு. மத்திய பயோடெக்னாலஜி துறை ஆதரிக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கான ‘ஜி.ஏ.டி.-பி’ தேர்விலும் ஒரு பகுதி பிளஸ் டூ அளவிலான இந்த நான்கு பாடங்கள்தான்.

பிளஸ் ஒன்னில் கணக்கு இல்லாத குரூப் எடுத்தவர்கள் இதைக் கடைசி வருடத்தில் தெரிந்துகொண்டு திணறுகிறார்கள். முதல் வருடத்திலேயே வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினால், பிளஸ் டூ கணக்கின் அடிப்படையைத் தாராளமாகப் பிடித்துவிடலாம். பின்னால் ஆராய்ச்சிக்குப் புள்ளியியல் எப்படியும் தேவைப்படும்.

*மூன்று வருடத் திட்டம்*

முதல் வருடம்: கை பழக வேண்டும். கிராம் ஸ்டெயினிங், ஊடகம் தயாரிப்பது, கிருமி கலக்காமல் வேலை செய்வது ஆகிய மூன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். லேப் ரெக்கார்டை சீனியரிடம் வாங்கிக் காப்பி அடிக்காமல் சொந்தமாக எழுத வேண்டும். கணக்கும் ஆங்கில வாசிப்பும் பக்கத்திலேயே ஓடட்டும்.

இரண்டாம் வருடம்: கல்லூரிக்கு வெளியே ஒரு லேபைப் பார்த்தே ஆக வேண்டும். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து இரண்டு மாதக் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சியை உதவித்தொகையுடன் நடத்துகின்றன. கோடைக்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் பால் பண்ணை லேபோ, தண்ணீர்ப் பரிசோதனை லேபோ, ஒரு மாதம் நின்று பார்த்தால் போதும். இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்பது அங்கே தெரிந்துவிடும்.

மூன்றாம் வருடம்: ஜூன், ஜூலையிலேயே முடிவெடுக்க வேண்டும். ஜாம் தேர்வுக்கான பதிவு வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். வேலைதான் என்றால் கியூ.சி. லேப் நடைமுறைகளைப் படித்துவிட்டு, புராஜெக்ட்டையும் அதற்கு ஏற்ற மாதிரி எடுக்கலாம்.

*கல்லூரியில் என்ன கேட்பது?*

அட்மிஷனுக்குப் போகும்போது “லேபைக் கொஞ்சம் பார்க்கலாமா சார்?” என்று கேளுங்கள். ஒரு மைக்ரோஸ்கோப்புக்கு எத்தனை மாணவர்கள்? ஆட்டோகிளேவ், லேமினார் ஏர்ஃபுளோ இரண்டும் ஓடுகின்றனவா, உறை போட்டு வைத்திருக்கிறார்களா? எலைசா டெஸ்ட்டை மாணவர்களே செய்கிறார்களா, வீடியோ காட்டுவதோடு சரியா? ஃபைனல் இயர் புராஜெக்ட்டை ஒரு குழுவில் எத்தனை பேர் செய்கிறார்கள்? போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

கட்டடத்தின் உயரத்தைவிட இந்தப் பதில்கள் முக்கியம். அரசுக் கல்லூரியில் ஃபீஸ் குறைவு. அங்கே லேப் நன்றாக இருந்தால், மிச்சமாகும் பணம் எம்.எஸ்சி.க்கு உதவும்.

*தம்பிக்கு என்ன பதில் அனுப்புவது?*

அவரிடமே மூன்று கேள்வி கேளுங்கள். அடுத்த வருடம் மறுபடி நீட் எழுதும் எண்ணம் இருக்கிறதா? இருந்தால் அதை இப்போதே வீட்டில் பேசிவிட வேண்டும். ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு படித்தால் இரண்டும் போய்விடும். மூன்று வருடத்தில் சம்பாதித்தே ஆக வேண்டிய நிலையா, ஐந்து வருடம் படிக்க வீடு தாங்குமா? கடைசியாக, ஒரே வேலையை நாள்தோறும் அதே கவனத்தோடு செய்யப் பிடிக்குமா?

ஐந்து வருடம் படிக்க முடியும் என்றால் ஆராய்ச்சிப் பாதை திறந்திருக்கிறது. மூன்றே வருடம்தான் என்றால் கியூ.சி. வேலையை மனதில் வைத்துத் திட்டமிடலாம். மூன்றாவது கேள்விக்கு அவர் ‘பிடிக்கும்’ என்று சொன்னால் தயங்காமல் அனுப்புங்கள்: “எடுடா. ஆனா இன்னிக்கே கணக்குப் புத்தகத்தையும் எடு.”